பாடசாலைக் கூத்தும் சட்டங் கொடுத்தலும்



சென்ற கிழமை ஒரு நாட் காலையில், பாடசாலை வாயிலிலே நான் நின்றுகொண்டிருந்தபோது, ஒன்பதாந் தரத்து மாணவன் ஒருவன் துவிச்சக்கர வண்டியை விட்டிறங்கி என் முன்னே வந்து நின்றான். புத்தகப் பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினான். சற்று நேரம் நிலத்தைப் பார்த்தான். பின்னர், "சேர், எனக்கு என்ன சட்டம்?" என்று கேட்டான். அருகில் நின்ற இளம் ஆசிரியர் வேற்று மாவட்டத்திலிருந்து புதிதாக வந்தவர். பையன் ஏதோ குற்றஞ் செய்துவிட்டுத் தனக்குரிய தண்டனையை விசாரிக்கின்றான் என்று அவர் எண்ணினார் போலும். அவர் முகத்திலே கடுமை தோன்றிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. இவ்வாண்டு எங்கள் பாடசாலையில் ஆடவிருக்கும் கூத்திலே தனக்குரிய வேடம் யாது என்பதையே அம்மாணவன் கேட்டான்.

மட்டக்களப்புப் பகுதியிலே கூத்துப் பழகத் தொடங்குமுன் நிகழும் முதற் சடங்கிற்குச் 'சட்டங் கொடுத்தல்' என்று பெயர். கூத்தின் முழு நாடகமும் அண்ணாவியாரிடம் இருக்கும். அதிலிருந்து ஒருவர்க்குரிய பாடல்களையும் வசனங்களையும் மாத்திரம் பிரித்தெழுதிய ஏட்டுப் பகுதியே சட்டம். ஏடு போய்க் கொப்பி வந்து பல காலமாகியும் பெயர் மாறவில்லை. யார் அருச்சுனன், யார் துரோணர், யார் கட்டியகாரன் என்று தீர்மானித்து, அவரவர் பகுதியை அவரவர் கையிலே கொடுப்பதுதான் அச்சடங்கு. பாடசாலைகளில் நாம் 'நடிகர் தெரிவு' என்று கூறும் காரியத்தை எங்கள் முன்னோர் இந்த ஒரு சொல்லால் குறித்தனர். இன்றைய என் பேச்சு இந்தத் தெரிவைப் பற்றியதே. இளம் பிள்ளைகள் பாடி ஆடும் நாடகமொன்றுக்கு வேடம் பகிர்வது எத்துணைச் சங்கடமான வேலை என்பதை ஆசிரியர் பலர் அறிவர். பெற்றோர் சிலர் அதைவிட நன்றாக அறிவர்.

கூத்தைக் கண்டிராத நேயர்களுக்காகச் சிறிது கூறிவிடுகின்றேன். கூத்து பேச்சு நாடகம் அன்று. கதை பாட்டாலும் ஆட்டத்தாலுமே நடக்கும். இடையிடையே வசனம் வரும். கூத்தர் பாடிக்கொண்டே ஆட வேண்டும். ஆடிய இளைப்பு அடங்குமுன் மீண்டும் பாட வேண்டும். மத்தளமும் சல்லரியும் துணை. பக்கப்பாட்டுக்காரர் பாட்டை வாங்கிப் படிப்பர். எங்கள் பகுதியில் வடமோடி, தென்மோடி என்று இரு வகை உண்டு. வடமோடியிலே பெரும்பாலும் பாரத இராமாயணப் போர்க்கதைகள் வரும். ஆட்டத்திலே வீறு மிகும். தென்மோடியின் வரவாட்டம் நுணுக்கமானது. இரண்டிலும், நல்ல குரல் மட்டும் உடையவன் போதான். நல்ல கால் மட்டும் உடையவனும் போதான். ஆகையினாலேதான் ஆளைத் தெரிதல் இங்கே பெருங் காரியமாகின்றது.

நான் பதினான்கு வயதுச் சிறுவனாக இருந்தபோது, 1984 ஆம் ஆண்டிலே, எங்கள் ஊர்க் கோயில் முன்றிலில் சட்டங் கொடுத்தல் நடந்தது. பன்பாய்கள் விரித்திருந்தன. நிறைகுடம் வைத்து, வெற்றிலை பாக்குப் பழம் வைத்து, கொப்பிகளை அடுக்கியிருந்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒருபுறம் அமர்ந்திருந்தனர். அண்ணாவியார் மத்தளத்தை மடியிலே வைத்திருந்தார். பெயர் கூறி ஒவ்வொருவராக அழைத்து, ஒரு பாட்டைத் தாமே பாடிக் காட்டித் திருப்பிப் பாடச் செய்தார். பாடியவனை நாலடி நடக்கச் சொன்னார். உயரத்தைப் பார்த்தார், காலைப் பார்த்தார், குரல் கூட்டத்தின் கடைசி வரிசை வரை செல்கின்றதா என்று, அங்கே உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவரின் தலையசைப்பைப் பார்த்தார். அக்காலத்தில் எங்கள் ஊரிலே ஒலிபெருக்கி வைத்துக் கூத்தாடும் வழக்கம் இல்லை. பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினர். எனக்குச் சுபத்திரை வேடத்திலே ஆசை. பாடத் தொடங்கினேன். மூன்றாம் அடியிலே மேலே போக வேண்டிய குரல் கீழே விழுந்து, உடைந்து, வேறொருவருடைய குரலாக வெளிவந்தது. கூட்டம் சிரித்தது.

அண்ணாவியார் சிரிக்கவில்லை. "மனே, உன்ட தொண்ட இப்ப ரெண்டு பேருக்குச் சொந்தம். ஒரு ஆள் போகட்டும். பிறகு வா" என்றார். என்னைப் பாய்க்கு அனுப்பாமல், முழுக் கொப்பியையும் என் கையிலே தந்தார். கூத்துப் பழகும்போது யாருக்காவது அடி மறந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்குக் கொப்பி பார்ப்பவன் வேண்டும். அவன் நானே என்றார். அவ்வாறு ஏழெட்டு மாதம் நான் கொப்பி பார்த்தேன். துரியோதனன் முதல் தோழி வரை எல்லோருடைய பாட்டும் எனக்குப் பாடமாயிற்று. எனக்கென்று ஒரு பாட்டு மாத்திரம் இல்லை.

குரல் உடையும் இப்பருவத்தை நாடகக்காரர் 'மகரக்கட்டு' என்பர். தமிழ்நாட்டிலே சங்கரதாஸ் சுவாமிகள் காலத்தில் சிறுவர்களை மாத்திரம் கொண்டு நடந்த நாடகக் குழுக்கள் பல இருந்தன. சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு மதுரையிலே 1918 ஆம் ஆண்டில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா அவற்றுள் பெயர் பெற்றது. அத்தகைய குழுக்களிலே உயர்ந்த சுருதியிலே பாடிப் புகழீட்டிய பையன்கள், மகரக்கட்டு வந்ததும், ஒரே பருவத்தில் முதல் வேடத்தை இழந்து மூலைக்குப் போனதுண்டு. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளை வைத்து இசை நாடகம் செய்யும் எவரும் இதை நினைவிற் கொள்ள வேண்டும். ஆடி மாதத்திலே தெரிந்தெடுத்த குரல் ஐப்பசியிலே இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது.

எனக்கு இரண்டாவது ஆள் தொண்டையை விட்டுப் போனபோது ஊரின் நிலைமையும் மாறிவிட்டது. இரவிலே கூடியிருத்தல் அச்சத்துக்குரியதாயிற்று. விடியும் வரை ஆட வேண்டிய கூத்துக்கு இரவு இல்லாமற் போயிற்று. 1990 ஆம் ஆண்டிலே ஊரைவிட்டே இடம்பெயர்ந்தோம். ஆதலின், கூத்தைப் பற்றி இவ்வளவு பேசும் நான் ஒருநாளாவது காலிலே சதங்கை கட்டியவன் அல்லன். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

கூத்துப் பாடசாலைக்குள் வந்த கதையையும் கூறல் வேண்டும். 1956 ஆம் ஆண்டிலே பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர பேராதனை மாணவர்களைக் கொண்டு 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகம எனும் பழைய கூத்து வடிவத்தை அவர் புதுக்கியெடுத்த அம்முயற்சி, தமிழறிஞர்களையும் சிந்திக்க வைத்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கி, ஊரூராகச் சென்று கூத்துகளைக் கண்டு, அண்ணாவிமாரைக் கௌரவித்து, பாடசாலைகளிடையே கூத்துப் போட்டிகளையும் தொடக்கி வைத்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பழக்குவித்தார். 1962 இல் 'கர்ணன் போர்', 1963 இல் 'நொண்டி நாடகம்', 1964 இல் 'இராவணேசன்', 1968 இல் 'வாலிவதை' என்பன மேடையேறின. இரவு முழுவதும் ஆடிய கூத்தை ஒன்று ஒன்றரை மணி நேரத்துக்குள் செம்மையாகச் சுருக்கிக் காட்டியது அவருடைய பெருஞ் சாதனை. அது நிகழ்ந்திராவிடில் இன்று எங்கள் பிள்ளைகளுள் எத்தனை பேர் தாளக்கட்டு என்ற சொல்லையே கேட்டிருப்பர்?

எனினும், அதிபராக இருந்து பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகின்றது. கூத்துச் சுருங்கியபோது வேடங்களும் சுருங்கின. ஊர்க்கூத்திலே இருபது முப்பது பேருக்கு இடமிருந்தது. ஒரே வேடத்தை இரவின் முற்பகுதியில் ஒருவரும் பிற்பகுதியில் மற்றொருவரும் தாங்குவதுண்டு. காத்தவராயன் கூத்திலே காத்தான் வேடத்தைப் பலர் பகிர்ந்து ஆடுதலை இன்றும் வடக்கிலே காணலாம். பாடசாலை மேடைக்கு வந்ததும், குறித்த நிமிடங்களுக்குள் முடிய வேண்டும், குறித்த தொகையினரே ஆட வேண்டும் என்று நிபந்தனைகள் வந்தன. வேண்டியவர் ஒன்பது பேர்; வந்து நிற்பவர் ஐம்பது பேர். ஊர்க்கூத்திலே 'உனக்கு எது பொருந்தும்' என்பது கேள்வி. போட்டிக் கூத்திலே 'நீ வேண்டுமா, வேண்டாமா' என்பது கேள்வியாகிவிட்டது.

அதிபர் பதவி ஏற்ற முதலாண்டிலே, வேறொரு பாடசாலையில் இருந்தபோது, நான் செய்த பிழை இங்கேதான் தொடங்கிற்று. தமிழ்மொழித் தின விழாவுக்காக அபிமன்யு கதையை வடமோடியில் ஆடத் தீர்மானித்தோம். தெரிவிலே பாரபட்சம் நுழையலாகாது என்பதில் நான் மிக உறுதியாக இருந்தேன். நூலக அறையிலே மேசை போட்டு, மூன்று ஆசிரியர்களை இருத்தி, அச்சடித்த புள்ளித் தாள் கொடுத்தேன். குரலுக்குப் பத்து, ஆட்டத்துக்குப் பத்து, தோற்றத்துக்கு ஐந்து. நாற்பத்தாறு பிள்ளைகள் வந்தனர். ஒருவருக்கு இரண்டு நிமிடம். வெள்ளிக்கிழமை நண்பகலிலே, தெரிவானவர்களின் பெயர்களை அறிவித்தற் பலகையிலே ஒட்டுவித்தேன். எனக்கு அன்று பெருமையாகவே இருந்தது. எவரும் எவருக்காகவும் பரிந்து பேசவில்லை. எவரும் கையூட்டுப் பெறவில்லை. கணக்கிலே பிழை இல்லை.

பத்தாந் தரத்திலே ஒரு மாணவி இருந்தாள். தாய் மத்திய கிழக்கு நாடொன்றிலே வீட்டு வேலைக்குச் சென்றிருந்தார். பிள்ளை அம்மம்மாவுடன் வாழ்ந்தாள். பாடசாலையிலே அவளுடைய குரலுக்கு நிகரில்லை என்பது எல்லோரும் அறிந்ததே. சுபத்திரை வேடத்தை அவள் ஒரு புள்ளியால் இழந்தாள். மகனைச் சக்கரவியூகத்துக்கு அனுப்பிவிட்டுத் தாய் புலம்பும் பகுதி அவளுக்கே உரியது என்று மாணவர்கள் முன்னரே பேசியிருக்கின்றார்கள். எனக்கு அது பின்னர் தெரிந்தது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமையும் வரவில்லை. வகுப்பாசிரியை வரவுப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டிய பின்னரே எனக்கு நினைவு வந்தது. அன்று மாலை இருவரும் அவ்வீட்டுக்குச் சென்றோம். அம்மம்மா திண்ணையிலே பாய் இழைத்துக்கொண்டிருந்தார். எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார். "பலகையில பேரில்லாதவ பள்ளிக்கு ஏன் போகணும் எண்டு கேக்காள் சேர். நான் என்னத்தச் சொல்ல?" என்றார். பிள்ளை கதவின் பின்னே நின்றாள். நான் அழைத்தும் வெளியே வரவில்லை. நெடுநேரத்தின் பின்னர் உள்ளிருந்தே, "ஏன் எடுக்கல்ல எண்டு ஒருத்தரும் சொல்லல்லயே சேர்" என்றாள்.

நேயர்களே, நான் விடை கூறவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பிப் புள்ளித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். குரலுக்குப் பத்துக்குப் பத்து. ஆட்டத்துக்கு ஏழு. தோற்றத்துக்கு ஒன்று. அதன் பக்கத்திலே ஓர் ஆசிரியர் பென்சிலால், 'உடுப்புச் செலவு?' என்று குறித்திருந்தார். தோற்றம் என்ற நிரலை அமைத்தவன் நானே. எதைக் கருதி அமைத்தேன் என்று அன்றிரவு என்னையே கேட்டேன். மேடையிலே நிமிர்ந்து நிற்கும் பாங்கைக் கருதினேன் என்று கூறலாம். ஆனால் தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, நான்கும் ஐந்தும் பெற்றவர்கள் எல்லோரும் நல்ல சப்பாத்து அணிந்து வரும் பிள்ளைகளாகவே இருந்தனர். நிறத்துக்கும் அந்நிரலிலே பங்கிருந்தது. அந்தத் தாளை அவள் கையிலே கொடுத்து, 'இதோ காரணம்' என்று என்னாற் கூற முடியுமா?

வேடம் பெற்ற மற்றப் பிள்ளையிடமிருந்து அதைப் பறித்தல் இன்னொரு பிழையாகும். அவளும் குற்றமற்றவள், பாட்டைப் பாதி பாடமாக்கியும் விட்டாள். இரண்டு கிழமையின் பின் அம்மாணவி பாடசாலைக்குத் திரும்பினாள். பக்கப்பாட்டுக்கு வருமாறு கேட்டோம்; வந்தாள்; நன்றாகப் பாடினாள். அடுத்த ஆண்டு வேடத்துக்கு அழைத்தபோது, பரீட்சை இருக்கிறது என்று மறுத்துவிட்டாள். இன்று அவள் ஒரு முன்பள்ளியிலே கற்பிக்கிறாள். கண்டால் வணக்கம் கூறுவாள். கூத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மறு ஆண்டிலே நான் ஒரு முதிய அண்ணாவியாரைத் தேடிச் சென்றேன். வயலிலே வரம்பு கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியை ஊன்றி நின்று கேட்டார். நூலக அறை, மேசை, புள்ளித் தாள் என்றெல்லாம் நான் விளக்கியபோது, "ரெண்டு நிமிசத்தில மாட்டையும் பார்த்து வாங்க ஏலாது சேர்" என்றார். பின்னர் தமது நிபந்தனைகளைக் கூறினார். ஆறு மாலைகள் வேண்டும். விரும்பிய பிள்ளைகள் எல்லோரும் வர வேண்டும். அறை வேண்டாம், மரநிழல் போதும். பெற்றோர் வரலாம், தூரத்தே இருக்க வேண்டும்.

முதல் மூன்று நாளும் அவர் ஒருவரையும் தனியே பாடச் சொல்லவில்லை. அறுபது பிள்ளைகளை வாகை மரத்தைச் சுற்றி வட்டமாக நிறுத்தி, ஒரே தாளக்கட்டைச் சொல்லிக் கொடுத்தார். வாயாற் சொல்லிக் கையால் தட்ட வேண்டும். பின்னர் காலால் மிதிக்க வேண்டும். அவர் மத்தளத்தைத் தட்டிக்கொண்டு எங்கோ பார்ப்பவர்போல இருந்தார். நான் பக்கத்திலே கதிரையில் இருந்தேன். மூன்றாம் நாள் முடிவில் அவர் கூறியவை என்னை வியக்க வைத்தன. சிவப்புச் சட்டைப் பையன் தன் முறை முடிந்த பின்னும் கையால் தாளம் போட்டுக்கொண்டே நிற்கின்றான் என்றார். உயரமான பிள்ளை பிழை விட்டால் பக்கத்திலிருப்பவளைப் பார்க்கின்றாள், மற்றவள் பிழை விட்டாலும் யாரையும் பார்க்காமல் தானே திருத்துகின்றாள் என்றார். கெட்டிக்காரன் என்று நான் காட்டிய ஒருவனைப் பற்றி, "அவன் நல்லா ஆடுறான். ஆனா மற்றவன் ஆடக்குள்ள அவனுக்குப் பசிக்குது" என்றார். கூத்திலே ஒருவன் ஆடும் நேரத்தைவிட மற்றவர் ஆட்டத்துக்கு நின்று கொடுக்கும் நேரம் அதிகம். இரண்டு நிமிடத் தெரிவிலே இது புலப்படவே மாட்டாது.

நாலாம் நாள் பாட்டு. ஆனால் இருத்திப் பாடவைக்கவில்லை. வட்டத்தை மூன்று முறை ஆடிச் சுற்றிவந்து, நின்றவுடன் பாட வேண்டும். பாயிலிருந்து தேன்போலப் பாடும் பிள்ளைகள் பலருக்கு மூன்றாஞ் சுற்றிலே மூச்சு முட்டிற்று. சாதாரணக் குரலென்று நான் கருதிய ஒரு பெண்பிள்ளை, ஓடி வந்து நின்று, சிறிதும் இளைக்காமல் மேற்சுருதியைப் பிடித்தாள். அவளை முதுகு காட்டி நின்று பாடச் சொன்னார். வட்டக்களரியிலே யாராவது ஒரு பக்கத்தாருக்கு முதுகுதானே தெரியும்? அவர்களுக்கும் சொல் விளங்க வேண்டுமாம். இக்காலத்து மேடையிலே ஒலிவாங்கி தொங்குகின்றதே என்றேன். "கரண்ட் நின்டா?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் விடையில்லை.

ஐந்தாம் நாள் நிகழ்ந்தது ஒன்று. திக்கிப் பேசும் மாணவன் ஒருவன் எல்லா நாளும் வந்துகொண்டிருந்தான். வகுப்பிலே வாசிக்க எழுப்பினால் அழுதுவிடுவான். பாட்டிலே அவனுக்குத் தடையே இல்லை. திக்கிப் பேசுவோர் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பது அறிந்த விடயந்தான். வசனம் வந்தபோது நின்றுவிட்டான். பிள்ளைகள் சிரிக்கத் தொடங்குமுன் அண்ணாவியார் அந்த வசனத்தைத் தாமே விருத்தமாக இழுத்துப் பாடினார். அவனும் தொடர்ந்து பாடினான். கொப்பியிலே அப்பகுதியை அவ்விடத்திலேயே மாற்றி எழுதச் செய்தார். வேடத்துக்கு ஆளைத் தேடுவதே தெரிவு என்று நினைத்திருந்த நான், ஆளுக்காக வேடத்தையும் திருத்தலாம் என்பதை ஐம்பது வயதை நெருங்கும்போது கற்றுக்கொண்டேன்.

அவ்வாரத்திலே ஒரு தந்தை வந்தார். பாடசாலைக்குப் பல உதவிகள் செய்தவர், நல்ல மனிதர். மகனுக்கு அருச்சுனன் வேடம் கிடைத்தால், எல்லாப் பிள்ளைகளின் உடுப்புக்கும் முடிக்கும் தாமே பொறுப்பு என்றார். அதிபர்களுக்கு இத்தகைய தருணம் மிகக் கொடியது. கூரையிலே ஓடு மாற்றுவதற்கும் அவரிடமே போக வேண்டியிருக்கும். நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அண்ணாவியார் குறுக்கிட்டு, "உடுப்பத் தாங்க தம்பி, சந்தோசமா வாங்குறம். ஆனா உடுப்புத் தானா ஆடாதே" என்றார். அவர் சிரித்துவிட்டார். உடுப்பும் தந்தார். மகனுக்குக் கிடைத்தது சல்லரி.

ஏழாம் நாள் சட்டங் கொடுத்தல். நிறைகுடம் வைத்தோம். ஒவ்வொரு பிள்ளையாக முன்னே வர, அண்ணாவியார் வெற்றிலையோடு கொப்பியைக் கொடுத்து, ஏன் அந்த வேடம் என்பதையும் எல்லோரும் கேட்க ஒரு வார்த்தையிலே கூறினார். "உனக்குக் குரல் பெருசு, மூச்சுச் சின்னது. அதனால தருமர். ஆட்டம் குறைவு, பாட்டுக் கூட." "நீ மற்றவங்க சொல்லுறதக் கேக்கிறாய். துரோணருக்குக் காது வேணும்." அபிமன்யு வேடத்தை இருவருக்குப் பிரித்தார்: வியூகத்துக்கு வெளியே ஒருவன், உள்ளே புகுந்த பின் மற்றவன். கட்டியகாரன் வேடம், நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்த விகடக்காரப் பையனுக்குப் போகவில்லை. சொல் தெளிவும் பொறுமையும் உள்ள ஒரு மாணவிக்குப் போயிற்று. பெண்பிள்ளை கட்டியகாரனாக வருவதா என்று ஊரிலே சிலர் முணுமுணுத்தனர். அறுபதுகளிலேயே பேராதனை மேடையில் மாணவியர் கூத்தாடினர் என்று கூறி நான் அவ்விவாதத்தை நீட்டாமல் விட்டேன். வேடம் கிடையாதோருக்குப் பக்கப்பாட்டு, சல்லரி, உடுப்புக் கட்டல், கொப்பி பார்த்தல் என்று ஒவ்வொரு பொறுப்பு. அவர்களும் வெற்றிலை வாங்கினர். அவர்களுக்கும் காரணம் கூறப்பட்டது. சில பிள்ளைகள் அழுதார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. அழுதவர்கள் மறுநாள் வந்தார்கள்.

பரிசு கிடைத்ததா என்று கேட்பீர்கள். அவ்வாண்டு வலய மட்டத்திலே இரண்டாமிடம். அதற்கு மேற் செல்லவில்லை. புள்ளித் தாளால் தெரிந்தெடுத்த முதலாண்டுக் குழுவோ மாகாண மட்டம் வரை சென்றது. தோற்றத்துக்கு மேடையிலே மதிப்பு இல்லை என்று நான் வாதிட்டால் அது உண்மையாகாது. இரு வழிகளுள் எதை மேற்கொள்வது என்று என்னிடம் கேட்கும் இளம் அதிபர்களுக்கு இதையும் சேர்த்தே கூறுகின்றேன். நான் பின்னர் எந்தப் பாடசாலைக்கு மாற்றலாகிச் சென்றாலும் மரநிழலையே தேடினேன்.

தெரிவுக்கு வரவிருக்கும் பிள்ளைகள் இந்நேரம் வானொலியருகே இருக்கக் கூடும். அவர்களுக்குச் சிறு விடயங்கள் சில. திரைப்படப் பாடகரின் குரலைப் போலி செய்து பாடாதீர்கள். உங்கள் குரலையே கேட்க விரும்புகின்றோம். அரை குறையாக ஐந்து பாட்டுப் படிப்பதிலும், தாளந் தவறாமல் ஒரு பாட்டைப் படித்து வருதல் நன்று. கால் வீசி மிதிக்கக் கூடிய உடையிலே வாருங்கள். பையன்களே, குரல் உடைந்தால் ஒளிக்காதீர்கள். அது வீட்டுக்கு வீடு நடப்பதுதான். பெற்றோருக்கு ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் 'என்ன வேடம்?' என்று வாயிலிலேயே கேட்காதீர்கள். முதலிலே சோறு போடுங்கள்.

வாயிலிலே நின்ற மாணவனிடம், சட்டம் கொடுப்பது நான் அல்லேன், அண்ணாவியாரே என்று கூறினேன். அவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பேரன் கைபிடித்து அழைத்து வருகின்றான். காது மாத்திரம் முன்போலவே இருக்கின்றது. மாணவன் போகாமல் நின்றான். "சேர், எனக்குக் குரல் உடையுது. வரலாமா?" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே குரல் இரண்டு முறை மாறிற்று. செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு மரத்தடிக்கு வரும்படி கூறியிருக்கின்றேன். இவ்வாண்டு முழுக் கொப்பியும் என் மேசையிலே இருக்கின்றது; அதைப் பார்ப்பதற்கு இன்னும் ஆள் நியமிக்கவில்லை.